மங்கை மிஸ்ஸின் கப் கேக்

குன்னூரில், மார்க்கெட்டுக்கு மேலே ஏறிப்போகும் சாலையில், ரெபேக்கா என்றொருத்தி தன் வீட்டுச் சமையலறையிலேயே கேக் வகுப்பு நடத்திவந்தாள். சனிக்கிழமை காலையில் நாலைந்து பெண்கள் வருவார்கள். அவளுக்கு முப்பது வயது தாண்டிச் சில வருஷங்கள்தான் ஆகியிருக்கும். அதிகம் பேசமாட்டாள்.

அவள் சொல்லித்தந்தது எல்லாமே சுருக்கு வழி. கேக் மிக்ஸ் பாக்கெட்டை ஒளித்துவைக்க மாட்டாள். எல்லோர் கண்ணிலும் படும்படி மேடைமேல் நிறுத்தியிருப்பாள். மாவு சலிப்பது கிடையாது, வெண்ணெயை நுரைக்க அடிப்பது கிடையாது. பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டி, முட்டையும் எண்ணெயும் விட்டு, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு கலந்த பொடியில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினால் மாவு தயார். ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, கடையில் வாங்கிய ஆப்பிள் ஜாமோடு சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டினால் உள்ளே வைக்கும் பூரணம் தயார். வெந்த கப் கேக்கின் நடுவில் குழி தோண்டப் பாட்டில் மூடி ஒன்று போதும்.

அந்த வகுப்பில் வந்து சேர்ந்தாள் மங்கையர்க்கரசி. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் மங்கை மிஸ். ரெபேக்கா அவளிடம் படித்ததில்லை. ஆனாலும் மிஸ் என்றே கூப்பிட்டாள். மங்கை தன்னைவிட இருபத்தைந்து வயது சின்னவளான ரெபேக்காவை டீச்சர் என்று கூப்பிட்டாள். சொல்லித்தருகிறவர் டீச்சர், அவ்வளவுதான் என்பது அவள் கணக்கு.

முதல் நாளே மங்கை கேட்டாள்.

"டீச்சர், பாக்கெட்டைப் பிரிச்சுக் கொட்டினா அது நாம செஞ்ச கேக் ஆகுமா?"

"தெரியல மிஸ். சாப்பிட்டவங்க யாரும் இதுவரைக்கும் கேக்கல."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். மங்கை சிரிக்கவில்லை. ஆறு கணக்கைப் போடச் சொன்னால் விடையை மட்டும் எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளை அவள் நிறையப் பார்த்தவள்.

வீட்டுக்குப் போய் அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். மைதாவை மூன்று முறை சலித்தாள். பட்டையையும் கிராம்பையும் வறுத்துச் சின்ன உரலில் இடித்தாள். ஆப்பிளைச் சர்க்கரைப் பாகில் நிதானமாக வேகவிட்டாள். அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு கப் கேக்கை எவர்சில்வர் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சாப்பிட்டுப் பாத்து என்ன குறைன்னு சொல்லுங்க டீச்சர்."

ரெபேக்கா முழுவதையும் சாப்பிட்டாள். விரலைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"கிராம்பு ஒரு பொடி தூக்கலா இருக்கு."

மங்கை தலையாட்டிக்கொண்டாள். மறுவாரம் கிராம்பைக் குறைத்துச் செய்து எடுத்துவந்தாள்.

"இப்ப என்ன குறை?"

"பூரணம் பக்கத்துல கொஞ்சம் ஈரம்."

அதற்கடுத்த வாரம் ஈரம் இல்லை. மேல்பக்கம் லேசாக வெடித்திருந்தது. பிறகு வெடிப்பும் போயிற்று. ஆப்பிள் துண்டுகள் ஒன்றுபோல இல்லை என்றாள் ரெபேக்கா. மங்கை அளவெடுத்ததுபோல் நறுக்கத் தொடங்கினாள். மழைக்காலம் வந்து, மலையில் மேகம் இறங்கி, சாலையெல்லாம் சேறானது. குடையைப் பிடித்துக்கொண்டு டப்பாவோடு அவள் வருவது நிற்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு யாருக்காகச் செய்கிறாள் என்று மற்றப் பெண்கள் கேட்டுப்பார்த்தார்கள். சும்மாதான் என்றாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு மழை வலுத்துவிட்டது. மங்கையால் கிளம்ப முடியவில்லை. ரெபேக்கா டீ போட்டுக் கொடுத்தாள்.

"யாருக்கு மிஸ்?"

மங்கை டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

அவளுக்கு ஒரே மகள். நிறைமதி. எம்.எஸ்ஸி. படித்தவள். ஓட்டலில் கேக் போடும் ஜெயசீலனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். அடுப்படியில் நிற்பவனுக்கா உன்னை இவ்வளவு படிக்கவைத்தேன் என்று மங்கை கேட்டுவிட்டாள். பெண் அதற்கு மேல் வாதாடவில்லை. தேதியைச் சொல்லி, நீ வந்தால் போதும் அம்மா என்றாள். அன்றைக்கு மங்கை தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு போக்குவரத்து இல்லை. பெண் இருப்பது வெலிங்டனில். பஸ் ஏறினால் கால்மணி நேரம்.

"சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டு வரப்ப ஆப்பிள் வெச்ச கப் கேக் வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிப்பா. அதான், என் கையால செஞ்சு எடுத்துட்டுப் போலாம்னு."

"போலாமே."

"எப்படிப் போறது டீச்சர்? அவன் அதே தொழில்ல இருக்கறவன். ஒரு கடி கடிச்சா எங்க தப்புன்னு தெரிஞ்சுடும். அவன் முன்னாடி குறையோட ஒண்ணை நீட்டச் சொல்றீங்களா?"

ரெபேக்கா காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். மழை விட்டது. மங்கை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த சனிக்கிழமை மங்கை கொண்டுவந்த டப்பாவை ரெபேக்கா வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிடுகிறேன் என்றாள். அதற்கும் அடுத்த வாரம் மங்கை வந்ததும், அதே டப்பாவை எடுத்து அவள் முன் திறந்துவைத்தாள்.

"இதுல என்ன குறைன்னு நீங்க சொல்லுங்க மிஸ்."

மங்கை குனிந்து பார்த்தாள். மேலே பச்சையாகப் பூத்திருந்தது.

"கெட்டுப்போச்சே டீச்சர்."

"வேற?"

மங்கை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெடிப்பு இல்லை. ஆப்பிள் துண்டுகள் ஒரே அளவில் இருந்தன. நிறம் சரியாக இருந்தது.

"வேற ஒண்ணுமில்ல."

ரெபேக்கா அதை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். செய்த பண்டத்தை இப்படியா வீணடிப்பது என்று மங்கைக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் அந்தப் பச்சைப் பூப்பு கண்ணிலேயே நின்றது. ஆனாலும் அடுத்த வாரமும் டப்பாவோடு வந்தாள். வெண்ணெயை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

ஒரு புதன்கிழமை காலையில் மங்கையின் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, உனக்கு விஷயம் தெரியுமா? மதியும் மாப்பிள்ளையும் இன்னைக்கு தோஹாவுக்குக் கிளம்பறாங்க. அங்க பெரிய ஓட்டல்ல வேலையாம். ரெண்டு மணிக்குக் கோயம்புத்தூருக்குக் கார் வருது."

"யார் சொன்னா?"

"மதிதான் சொன்னா. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சொன்னா. எனக்கு மனசு கேக்கல."

மங்கை போனை வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். வெண்ணெய் பிரிட்ஜில் கல்லாக இருந்தது. மசாலா இடிக்கவில்லை. ஆப்பிள் தோல் சீவ எடுத்தபோது மின்சாரம் போயிற்று. கொஞ்ச நேரம் கையில் கத்தியோடு அரையிருட்டில் நின்றாள். பிறகு ஆப்பிள்களைப் பையில் போட்டுக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல், ரெபேக்கா வீட்டுக்கு ஏறினாள்.

ரெபேக்கா கதவைத் திறந்தாள். மங்கை மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"வெண்ணெய் இளகணும் டீச்சர். பொடி இடிக்கணும். பாகு காய்ச்சணும். நேரம் பத்தாது."

"உங்க வீட்டுப் பக்கம்தான் கரண்ட் இல்ல. இங்க இருக்கு," என்று ரெபேக்கா ஓவனைப் போட்டாள். மேடைமேல் இருந்த பாக்கெட்டை மங்கையின் முன் தள்ளினாள்.

மங்கை ஒரு அடி பின்னால் போனாள்.

"இதையா? அவன்கிட்டயா?"

"கார் எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?"

"ரெண்டு."

ரெபேக்கா கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். மங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கினாள். பாக்கெட்டின் மூலையை அவளே வெட்டினாள்.

முட்டை உடைந்தது. எண்ணெய் விழுந்தது. டப்பாவிலிருந்த பொடியில் ஒரு கரண்டி போட்டார்கள். மங்கை ஆப்பிளை நறுக்கினாள். துண்டுகள் பெரிதும் சிறிதுமாக விழுந்தன. அவள் அதைப் பார்க்கவில்லை. ஜாமைக் கொட்டிப் புரட்டினாள். ஓவனுக்குள்ளிருந்து பட்டை வாசம் எழுந்தபோது மணி பன்னிரண்டாகிவிட்டது.

தட்டை வெளியே எடுத்ததும் மங்கை பாட்டில் மூடியை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். ரெபேக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"ஆறட்டும் மிஸ். சூட்டோட தோண்டினா உதிர்ந்துடும்."

"இதுக்குச் சுருக்கு வழி இல்லையா?"

"இல்ல."

தட்டைச் சன்னலோரம் வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். சன்னலுக்கு வெளியே மேகம் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வாரத்தில் அந்தச் சமையலறையில் மங்கை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தது அன்றுதான்.

"நான் போய் என்ன சொல்றது டீச்சர்?"

"அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஒண்ணும் கேக்கலைன்னா?"

ரெபேக்கா எழுந்து கேக்கைத் தொட்டுப் பார்த்தாள். "ஆறிடுச்சு," என்றாள்.

வெலிங்டனில் ஆட்டோ நின்றபோது வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. டிரைவர் மேலே பெட்டிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். நிறைமதி ஒரு கைப்பையோடு வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அதெல்லாம் எப்போது நடந்தது என்று மங்கைக்குத் தெரியாது.

"என்னம்மா, தலைவலி போயிடுச்சா?"

வழியில் யோசித்துவைத்த எந்த வார்த்தையும் இதற்குப் பொருந்தவில்லை.

"அன்னைக்கு எனக்குத் தலைவலியே இல்ல மதி."

"தெரியும்."

"வரக்கூடாதுன்னு படுத்திருந்தேன்."

"அதுவும் தெரியும்மா."

உள்ளே வா என்றாள் நிறைமதி. வீடு காலியாக இருந்தது. உட்கார நாற்காலி இல்லை. தட்டும் இல்லை. தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து மங்கை கேக் பெட்டியைத் திறந்தாள். ஜெயசீலன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒன்றை எடுத்தான். தொழில்காரனின் பழக்கத்தில் இரண்டாகப் பிட்டு உள்ளே பார்த்தான். கடித்தான்.

மங்கை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிக்ஸா அத்தை?"

"ஆமா தம்பி. பாக்கெட்தான். காலைலதான் விஷயம் தெரிஞ்சுது. நேரம் இல்ல."

அவன் தலையாட்டினான். மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றை எடுத்தான். நிறைமதியும் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள். ஜாம் விரலில் ஒட்டியது. அவள் அதை நக்கிக்கொண்டாள். ஐந்து வயதில் செய்திருந்தால் மங்கை கையில் ஒரு தட்டுத் தட்டியிருப்பாள். இப்போது முந்தானையை நீட்டினாள்.

மகள் அதில் கையைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை விடாமல் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தான்.

மீதிக் கேக்குகளை வழிக்கென்று எடுத்துக்கொண்டார்கள். ஜெயசீலன் குனிந்து காலைத் தொட்டான். கார் வளைவில் திரும்பும்வரை நிறைமதி பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். மங்கை பூட்டிய வீட்டுப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை வகுப்புக்கு வந்தாள். கையில் டப்பா இல்லை. பெண்களோடு சேர்ந்து மாவு கலக்கினாள். எல்லோரும் போனபிறகும் கிளம்பாமல் நின்றாள்.

"சாப்பிட்டாங்களா மிஸ்?"

"சாப்பிட்டாங்க."

"மருமகன் கண்டுபிடிச்சாரா?"

"ஒரே கடியில."

"என்ன சொன்னாரு?"

"இன்னொண்ணு எடுத்துக்கிட்டாரு."

ரெபேக்கா மேடையைத் துடைத்தாள். மங்கை துணியை வாங்கி மறுபாதியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"டிரைவர் பெட்டியைக் கட்டற நேரந்தான் கிடைச்சுது டீச்சர். பேசவே இல்ல. இங்கதான இருந்தா இத்தனை நாளும். கால்மணி நேரத்துல." அவள் குரல் இறங்கியது. "எல்லாம் தெரிஞ்சும், கேக்கெல்லாம் இருக்கட்டும், மொதல்ல எந்திரிச்சுப் போங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

ரெபேக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க கேக்கைப் பத்தி மட்டுந்தான் கேட்டீங்க மிஸ்."