கோலத்தில் விழுந்த சொட்டு

ஊட்டியில் கண்ணாடி துடைக்கிற வேன் ஒன்று இருந்தது. அந்த ஊர் ஓட்டல்களில் மலை தெரியட்டும் என்று சுவருக்குப் பதில் கண்ணாடியாக வைத்துக் கட்டிவிட்டார்கள். அதில் பனியும் பாசியும் படிந்தால் யார் துடைப்பது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. விடியற்காலைக் குளிரில் பச்சைத் தண்ணீருக்குப் பாசி அசைந்தே கொடுக்காது. அதனால் வேனின் முதலாளி பொன்னுரங்கம், வண்டியின் பின்பக்கத்தில் கேஸில் எரிகிற பெரிய ஹீட்டர் ஒன்றை வைக்க முடிவு செய்தார்.

வைத்துக் கொடுத்தவர் யாகூப் பாய். வேலையில் அவருக்கு அவசரமே கிடையாது. ஹீட்டரை வேனின் அடிச்சட்டத்தோடு நான்கு போல்ட் போட்டு இறுக்கினார். புகை போவதற்குக் கூரையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார். புது வேனில் ஓட்டையா என்று பொன்னுரங்கம் முகம் சுளித்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. கடைசியாக ஹீட்டரின் தலையில் கட்டைவிரல் அளவில், காதுபோல் சின்னப் பிடி வைத்த வால்வு ஒன்றைத் திருகினார். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் திறந்து தண்ணீரை வெளியே விடுவது அதன் வேலை. அந்தச் சுடுதண்ணீர் யார் மேலும் படக்கூடாது என்று, வால்விலிருந்து ஒரு செம்புக் குழாயை வேனின் தரைக்குக் கீழே இறக்கிவிட்டார்.

பிறகு மாயவனை அழைத்தார். கண்ணாடி துடைக்கிறவன் அவன்தான். நாற்பதைத் தாண்டியவன், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன். தினமும் ஹீட்டருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவனும் அவன்தான்.

“மாயவா, காலையில வந்ததும் இந்த வால்வோட காதை ஒரு தடவை தூக்கிவிடு. தண்ணி வரும். இது சொட்டுச்சுன்னா பயப்படாதே. சொட்ட வேண்டிய நேரத்துல சொட்டலைன்னாத்தான் பயப்படணும்.”

வால்வு கேட்டுக்கொண்டிருந்தது. தன்னைப் பற்றி யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசி அது கேட்டதில்லை. அன்றைக்கே மாயவனைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது.

ஹீட்டருக்கு வந்த நாளிலிருந்தே தலைக்கனம். தன்னால்தான் ஊரே பளபளக்கிறது என்று அதற்கு நினைப்பு. சூடு ஏறும்போதெல்லாம் வால்வு இரண்டு சொட்டு விடும். அது ஹீட்டருக்குப் பெரிய அவமானம். மூக்கொழுகுகிற பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறதே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பியது. சூட்டைக் காவல் காக்கிற தெர்மோஸ்டாட்டும் கூடச் சேர்ந்துகொண்டது.

“சூடு மிஞ்சினால் நெருப்பை அணைக்க நான் இருக்கிறேன். நீ எதற்கு?”

“நீ தவறினால்?” என்றது வால்வு.

“இதுவரை நான் தவறியதே இல்லை.”

“நீ வேலைக்கு வந்தே மூன்று மாதம்தான் ஆகிறது.”

அதற்குப் பிறகு தெர்மோஸ்டாட் அதனோடு பேசுவதை நிறுத்திவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. பொன்னுரங்கம் வேனைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, வீட்டு வாசலில் நிறுத்தினார். அவர் மனைவி சரோஜினி முதல் நாளே இழை எண்ணிப் படிக்கோலம் போட்டிருந்தாள். வேன் அதன் மேல்தான் நின்றது. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். மச்சான் முன்னால் கொஞ்சம் மிதப்பு காட்டாவிட்டால் பூஜை எப்படி நிறையும்? பொன்னுரங்கம் ஹீட்டரைப் பற்றவைத்து ஆவி பறக்கக் காட்டினார். கற்பூரம் ஏற்றிய நேரத்தில் சூடும் ஏறியது. வால்வு தன் வழக்கப்படி சொட்டியது. சொட்டு கோலத்தில் விழுந்தது. மாவு கரைந்து, காவி கலைந்து, நட்டநடுவில் ஈரமாகிவிட்டது.

சரோஜினிக்கு முகமே மாறிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக வண்டி கண்ணீர் விடுகிறதே என்றாள். மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பொன்னுரங்கத்துக்குப் பொறுக்கவில்லை. மனைவியின் தம்பியை ஹார்டுவேர் கடைக்கு விரட்டி ஒரு பித்தளை மூடி வாங்கிவரச் சொன்னார். வேனுக்கடியில் தானே குனிந்து, குழாயின் முனையில் அதைத் திருகி இறுக்கினார். கையோடு அதற்குச் சந்தனம் தடவிக் குங்குமமும் வைத்தார்.

“நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் தெரியுமா?” என்று மூடியிடம் கேட்டது வால்வு.

“எனக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். உனக்கு வைத்தார்களா?” என்றது மூடி.

மறுநாள் காலை மாயவன் வால்வின் காதைத் தூக்கினான். ஒன்றும் வரவில்லை. அவன் பொன்னுரங்கத்திடம் போய் நின்றான்.

“அண்ணா, காதைத் தூக்குனா தண்ணி வர மாட்டேங்குது. பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுரலாமா?”

“ஒழுகறதை நிறுத்தத்தானப்பா மூடி போட்டது? நின்னுருச்சு. பாயைக் கூப்பிட்டா வந்து இன்னொரு ஓட்டை போடுவாரு.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாயவனும் சிரித்துவைத்தான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முதலாளியிடம் எத்தனை தடவை கேட்க முடியும்? ஆனாலும் காதைத் தூக்கும் பழக்கத்தை அவன் விடவில்லை. ஒவ்வொரு காலையும் அவன் விரல் பட்டபோது வால்வு திறந்துதான் கொடுத்தது. அவனிடம் சொல்ல அதற்கு இருந்த ஒரே பாஷை தண்ணீர்தான்.

மலைரோட்டு வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி, இருபதாவது நாள் தெர்மோஸ்டாட் நெருப்பை அணைக்க முடியாமல் ஒட்டிக்கொண்டது. தான் ஒட்டிக்கொண்டது அதற்கே தெரியாது. அன்று ஓர் ஓட்டலில், விருந்தாளிகள் சாப்பிட்டு முடிக்கட்டும், பிறகு துடைக்கலாம் என்றார் மேனேஜர். மாயவன் தண்ணீரை அடைத்துவிட்டுக் காத்திருந்தான். நெருப்பு மட்டும் காத்திருக்காமல் எரிந்துகொண்டே இருந்தது.

“ஏதாவது செய்,” என்றது ஹீட்டர். அதன் குரலில் பழைய கனம் இல்லை.

வால்வு முன்பே திறந்துவிட்டது. முழுதாகத் திறந்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தண்ணீரைக் குழாயில் தள்ளியது. தண்ணீர் மூடி வரை போய் நின்றது.

“வழி விடு. மேலே மாயவன் நிற்கிறான்.”

“இறுக்கினவர் வந்து தளர்த்தட்டும். நானாக எதையும் முடிவு செய்கிறவன் இல்லை,” என்றது மூடி.

ஹீட்டர் உறுமுகிற சத்தம் கேட்டு மாயவன் கிட்டே வந்தான். பாய் சொல்லிக்கொடுத்தபடி காதைத் தூக்கிப் பார்த்தான். ஒரு சொட்டும் வரவில்லை. பாய் சொன்ன மற்றதும் அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. திரும்புவதற்குள் ஹீட்டர் பக்கவாட்டில் பிளந்தது.

கண் தப்பியது. இரண்டு கைகளும் பாதி முகமும் வெந்துபோயின. இனி அவனால் துடைக்கிற கழியைப் பிடிக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் ஆள் வருவதற்கு முன்பே பொன்னுரங்கம் வேனுக்கடியில் குனிந்து மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அப்படியே ஒட்டியிருந்தன. வந்தவர் வால்வைக் கையில் எடுத்து, இது வேலை செய்ததா என்று கேட்டார். பொன்னுரங்கம் அதைப் பார்த்து உண்மையாகவே கண் கலங்கினார்.

“எங்கீங்க வேலை செஞ்சுது. ஒரு சொட்டு சொட்டியிருந்தாக்கூட நாங்க உஷாராயிருப்பமுங்க.”