பையில் இல்லாத உப்பு

"எந்த சீட்டில் உட்கார்ந்தால் வலிக்காது?" என்று கேட்டார் தணிகாசலம்.

"உங்க வீட்டு நாற்காலியில" என்றாள் ரெஜினா.

கேட்டவருக்கு அறுபத்திரண்டு வயது. சொன்னவளுக்கு முப்பத்தெட்டு. சீடனுக்கு நரைத்து குருவுக்கு நரைக்காவிட்டால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். ஆனால் பதினோரு வருடம் சைக்கிளிலேயே நாட்டைச் சுற்றி வந்தவள் அவள். இப்போது ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் தனியாக இருந்தாள். நெடுந்தூரம் போகிறவர்கள் சீட்டும் பையும் பார்க்க அவளிடம் வருவார்கள். வாத்தியாரம்மா என்று கூப்பிடுவார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர். நாளாக ஆகக் கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

"விளையாடாதீங்க வாத்தியாரம்மா. ராமேஸ்வரம் வரைக்கும் போகணும். தனியா."

"எப்போ?"

"பொங்கலுக்கு முன்னாடியே கிளம்பிடணும். பொங்கலன்னைக்கு அந்த வீட்ல என்னால இருக்க முடியாது."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

பழனியில் தணிகாசலமும் தங்கை செண்பகமும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் தட்டிப்போயிற்று. அண்ணன் தபால் ஆபீசுக்குப் போவார். தங்கை வீட்டைப் பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ரேடியோ கேட்பார்கள். அப்படியே காலம் ஓடிவிட்டது என்று ஊரே நினைத்தபோது, போன ஆவணியில், ஐம்பத்து மூன்றாவது வயதில், செண்பகம் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை மானாமதுரைக்காரர். மாசிலாமணி என்று பெயர். மனைவியை இழந்தவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"போகட்டுமா அண்ணே?" என்று அவள் கேட்டபோது தணிகாசலம் சொன்னது இரண்டே சொல்.

"உன் இஷ்டம்."

அப்பப்போ வருவியா என்று கேட்கத்தான் நினைத்தார். தொண்டை வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை, தலைவலி என்று சொல்லியனுப்பினார். மணவறையில் தங்கை கையில் பொரி அள்ளிப் போட அண்ணன் இல்லாமல், யாரோ ஒரு பெரியப்பா மகன் வந்து போட்டான்.

ஆயுள் முழுக்க தபால் ஆபீஸ் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவர் அவர். கேட்கிறவர்கள் எல்லாம் வெளிப்பக்கம் நிற்பார்கள். அவருக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

இப்போது செண்பகத்துக்குத் தலைப்பொங்கல் வருகிறது. பிறந்த வீட்டுச் சீர் போகாவிட்டால் புகுந்த வீட்டில் அவள் தலை குனிய வேண்டும். அண்ணன் அதை நினைக்காமல் இல்லை. நினைத்து நினைத்து, தாங்க முடியாமல்தான் சைக்கிள் வாங்கினார்.

ரெஜினா ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தாள். கொட்டகைக்குப் பின்னால் கிடந்த மணலில் ஊற்றி, கையால் தட்டி மட்டம் செய்தாள்.

"உட்காருங்க."

"ஈரமா இருக்கே!"

"உட்காருங்க."

உட்கார்ந்தார். எழுந்தார். மணலில் இரண்டு குழி விழுந்திருந்தது. அவள் இரண்டுக்கும் நடுவே விரலால் அளந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். தோல் போர்த்திய சீட்டு ஒன்றுடன் வந்தாள்.

"இதுவா? கல்லு மாதிரி இருக்கு. அதோ, அது பஞ்சு மாதிரி இருக்கே."

"பஞ்சு கடையில சுகம், ரோட்டுல புண்ணு. அணை வரைக்கும் ஓட்டிட்டு வாங்க."

போனார். வெயில் சாயும்போது திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"வலிக்கவே இல்லை வாத்தியாரம்மா. முதல்ல கொஞ்ச தூரம்தான். அப்புறம் சீட்டு இருக்கிறதே மறந்துபோச்சு."

"எங்கெங்கே இறங்கினீங்க?"

"இறங்கவே இல்லை. ஒரே மிதி!"

"கொய்யாப்பழம் வித்துக்கிட்டு இருந்தாங்களா?"

"வித்தாங்க."

"டீக்கடை?"

"நாலஞ்சு இருந்துச்சு."

"யாராவது பேச்சுக் கொடுத்தாங்களா?"

"ஒருத்தர் எந்த ஊருன்னு கேட்டார். நிக்காம கையை ஆட்டிட்டு வந்துட்டேன்."

ரெஜினா சீட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"சீட்டு அமைஞ்சிருச்சு" என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் குரலில் சந்தோஷம் இல்லை. தணிகாசலத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. பாராட்டு வரும் என்று நினைத்திருந்தார்.

கிளம்புவதற்கு முதல் நாள் பைகளோடு வந்தார். முன்சக்கரத்துக்கு இரண்டு, பின்சக்கரத்துக்கு இரண்டு. தண்ணீர் புகாத துணி, வாயைச் சுருட்டிக் கொக்கி போடுகிற மாதிரி. ரெஜினா இடது கையில் ஒன்றும் வலது கையில் ஒன்றுமாகத் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. கனமெல்லாம் அடியில இருக்கு. நல்லா கட்டியிருக்கீங்க."

இந்த முறை பாராட்டு வந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்தது. கேட்காமலே ஒவ்வொன்றாகச் சொன்னார். கூடாரம், கொசுவலை, அடுப்பு, அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், உப்பு, ஊசி நூல், மருந்து, காற்றடிக்கும் பம்பு, ஒட்டுப் போடும் சாமான், தண்ணீர் வடிகட்டி, மடக்கி வைக்கிற ஒரு சின்ன ஸ்டூல் கூட.

"யார் வாசல்லயும் போய் நிக்க வேண்டியதில்லை பாருங்க" என்றார்.

"எந்த வழி?"

"நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடி. அப்புறம் தொண்டி. அங்கேயிருந்து கடலோரமாவே ராமேஸ்வரம்."

"மதுரை, மானாமதுரைன்னு போனா கிட்டமாச்சே."

"அந்த வழி வேண்டாம்."

அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பவர்களிடம் தணிகாசலத்துக்கு வாய் சும்மா இருக்காது.

"மானாமதுரையில என் தங்கச்சி இருக்கா."

ரெஜினா குனிந்து ஒரு பையைத் திறந்தாள். உள்ளே கையை விட்டுத் துழாவி, உப்பு டப்பாவை வெளியே எடுத்தாள். பையைச் சுருட்டி மறுபடி கொக்கி போட்டாள்.

"போய்ட்டு வாங்க" என்றாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"பாதியைக் குறைக்கச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன். ஒரு பிடி உப்புல என்ன பாரம் குறையப் போகுது?"

"இதுதான் பாரம்."

"சரி, வழியில கடையில வாங்கிக்கிறேன்."

"கடையில வாங்கக் கூடாது. கேட்டு வாங்கணும்."

"யார்கிட்ட?"

"யாராவது இருப்பாங்க."

தணிகாசலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க பதினோரு வருஷம் இப்படித்தான் பிச்சை எடுத்துக்கிட்டுப் போனீங்களா?"

"இல்ல சார். என் பையில எல்லாம் இருந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"அத்தனை ஊர் போனேன். ஒரு முகம் கூட ஞாபகத்துல இல்லை."

அவள் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே அடுப்பின் மேல் ஒருவருக்குச் சோறு வடிக்கிற அளவில் ஒரு சின்னப் பாத்திரம் இருந்தது. தணிகாசலம் அதைப் பார்த்தார். அவர் வீட்டிலும் இப்போது அப்படி ஒன்றுதான் இருக்கிறது.

மறுநாள் கிளம்பினார்.

நத்தம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி அடுப்பு மூட்டினார். கஞ்சி பொங்கியது. வாயில் வைத்தார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்? பாதியைப் பக்கத்தில் படுத்திருந்த நாய்க்கு ஊற்றினார். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

எதிரே நாலு வீடு இருந்தது. கேட்கவில்லை.

கூடாரத்துக்குள் படுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல், சாலையில் குறுக்கே ஓடிய ஆட்டைப் பார்த்துச் சொன்ன "ஏய்." பழனி வீட்டில் ரேடியோவாவது பேசும்.

அடுத்த நாள் சாயங்காலம் சிங்கம்புணரி தாண்டிவிட்டார். வாய்க்கால் ஓரம் ஓட்டு வீடு ஒன்று. முற்றத்தில் ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். இங்கே கேட்டுவிட வேண்டியதுதான் என்று இறங்கினார். இறங்கியவர் டயரை அமுக்கிப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது. பையின் கொக்கியைக் கழற்றி மாட்டினார். கொஞ்ச தூரம் நடந்து போனார், திரும்பி வந்தார். அந்தப் பெண் பெருக்கி முடித்து, கை கால் கழுவி, உள்ளே போய் விளக்கேற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். மனிதர் இன்னும் அங்கேயே நின்றார்.

"யாரு? என்ன வேணும்?"

"கொஞ்சம்... உப்பு கிடைக்குமா?"

குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"வெளக்கு வச்ச பெறகு உப்பு குடுக்க மாட்டோமே" என்றாள்.

"பரவாயில்லை, பரவாயில்லை" என்று சைக்கிளைத் திருப்பினார். காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அட, எங்கிட்டு ஓடுறீக? உப்புதானே குடுக்க மாட்டோம்னேன். சோறு போட மாட்டோம்னா சொன்னேன்? கைய கழுவிட்டு உள்ள வாங்க."

அவள் பெயர் பேச்சியம்மா. புருஷன் மாட்டைக் கட்டிவிட்டு வந்து, விருந்தாளியைப் பார்த்து யார் என்றுகூடக் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தான். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். தணிகாசலம் முதல் கவளத்தை வாயில் வைத்தார். உப்பு சரியாக இருந்தது.

வாசலில் நின்ற சைக்கிளையும் அதன் பைகளையும் பார்த்தான் புருஷன்காரன்.

"பொங்க நேரத்துல இம்புட்டு மூட்டையோட போறீக. தங்கச்சி வீட்டுக்குச் சீரா?"

வாயில் சோறு இருந்தது. இல்லை என்பதற்கு அதிகம் பேச வேண்டும். தலையை ஆட்டி வைத்தார்.

"எந்த ஊர்ல குடுத்திருக்கு?"

"மானாமதுரை."

"எத்தனாவது பொங்கலு?"

"தலைப்பொங்கல்."

புருஷனும் பெண்டாட்டியும் அவருடைய நரைத்த தலையைப் பார்த்தார்கள். சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார் தணிகாசலம். இந்தச் சிரிப்புக்குப் பயந்துதானே கல்யாணத்துக்கே போகவில்லை?

"தங்கச்சிக்கு என்ன வயசு?" என்றாள் பேச்சியம்மா.

"அம்பத்து மூணு."

"நல்லதாப் போச்சு. கடைசி காலத்துல ஒரு தொணை வேணும்ல" என்று குழம்பை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உங்களுக்கு இப்ப யாரு சோறு பொங்குறது?"

இந்த ஐந்து மாதத்தில் யாரும் அவரைக் கேட்காத கேள்வி. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கண்ணீர் சோற்றில் விழுந்தது. பேச்சியம்மா கவனிக்காதவள் போல உள்ளே மோர் எடுக்கப் போனாள்.

அன்று அவர்கள் களத்தில் கூடாரம் போட்டுத் தூங்கினார். காலையில் எழுந்து வந்தால் சைக்கிளின் நடுக்கம்பியோடு சேர்த்து இரண்டு கரும்பு கட்டியிருந்தது. பின்பைகளின் மேல் பக்கத்துக்கு ஒன்றாகப் பச்சை மஞ்சள் கொத்து, மண் கூட உதிராமல்.

"எங்க கொல்லையில வெளைஞ்சது. தங்கச்சிட்ட குடுங்க" என்றான் புருஷன்காரன்.

நான் அங்கே போகவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. சும்மா தலையை ஆட்டி வைத்ததற்கு இரண்டு கரும்பு சுமக்க வேண்டியதாகிவிட்டது.

வழியெல்லாம் ஜனங்கள் கரும்பைப் பார்த்தார்கள். களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, "தங்கச்சி வீட்டுக்கா?" என்றார்கள். பால்காரர் ஒருவர் கூடவே வண்டியை ஓட்டியபடி, "மஞ்சள் வாடுறதுக்குள்ள போயிருங்க" என்றார். ஒவ்வொருவருக்கும் அவர் "ஆமா" என்றார். சொல்லச் சொல்ல அந்த ஆமா கொஞ்சம் கொஞ்சமாகப் பொய்யாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

திருப்பத்தூரில் ஒரு டீக்கடையில் இறங்கினார்.

"மானாமதுரைக்கு எப்படிப் போகணும்?"

தெரிந்த வழிதான். இருந்தாலும் கேட்டார். டீக்கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார்.

போகியன்று காலை. மானாமதுரைத் தெருக்களில் பழைய பாய் எரிகிற புகை இன்னும் அடங்கவில்லை. வீட்டைக் கண்டுபிடித்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். கரும்பையும் மஞ்சளையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். அப்படியே நின்றார்.

திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. உண்மையாகவே இருந்தது.

குப்பைக் கூடையோடு வெளியே வர மாசிலாமணியே கதவைத் திறந்தார். கரும்பைப் பார்த்தார். பிறகு ஆளைப் பார்த்தார். செண்பகம் காட்டிய போட்டோவில் பார்த்த முகம்.

"மச்சானா?" என்றார். "வாங்க, வாங்க. செண்பகம், உங்க அண்ணன் வந்திருக்கார்!"

உள்ளே பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது.



பிறகு செண்பகத்தின் குரல் வந்தது. ஆள் வரவில்லை.

"உக்காரச் சொல்லுங்க. காபி வேணுமான்னு மட்டும் கேட்டுறாதீங்க. உயிரே போனாலும் வேணும்னு சொல்ல மாட்டார் எங்க அண்ணன்."

மாசிலாமணி என்ன செய்வது என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தார்.

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். தெருவில் நின்றபடியே, உள்ளே கேட்கிற மாதிரி,

"வேணும்" என்றார்.