நீலப் பெரணிக்குப் போகும் தடம்

அந்தத் தீவின் காப்புக் காட்டில் பெரணிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர் பிலோமினா. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த திருமேனி அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர், வேலையை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்திருந்தார். அவர் பிலோமினாவை டீச்சர் என்பார். பிலோமினா அவரை ஐயா என்பார்.

வந்த புதிதில் பிலோமினா அவரை மலைமேல் அழைத்துப்போய் ஒரு பாறைப் பிளவைக் காட்டினார். உள்ளே, நீலம் பாய்ந்த இலைகளோடு ஒரு சிறு பெரணிக் கூட்டம். அந்த இனத்தை வேறெங்கும் யாரும் கண்டதில்லை.

"பார்த்தாச்சு இல்ல? போகலாம்," என்றார்.

திருமேனியால் அப்படி விட முடியவில்லை. குருத்து சுருள் அவிழ்ந்ததா, இலைக்கு அடியில் வித்துத்தூள் பழுத்ததா என்று பார்க்கத் தனியே போய்வரத் தொடங்கினார். மழையில் போனார். காய்ச்சலோடும் போனார்.

"நீங்க ஏன் டீச்சர் அங்க போறதே இல்ல?" என்று ஒருநாள் கேட்டார்.

"நீங்களும் அடிக்கடி போகாதீங்க ஐயா," என்றார் பிலோமினா.

திருமேனி சில நாள் போகாமல் இருந்தார். பிறகு போனார்.

மழை விட்டிருந்த ஒரு மதியம் வாக்கிடாக்கி கரகரத்தது. மறுகரையிலிருந்து வனக்காவலர் பேசினார். வடக்குத் துறையில் அடையாளம் தெரியாத படகு ஒன்று நிற்கிறது. இரண்டு பேர் சாக்கும் கடப்பாரையுமாகக் காட்டுக்குள் ஏறியிருக்கிறார்கள். நீலப் பெரணி எங்கே என்று மீனவர்களிடம் விசாரித்தார்களாம். கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, தாங்கள் வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும்.

"அவங்களுக்கு இடம் தெரியாதே," என்றார் திருமேனி.

பிலோமினா மேலே ஏற ஆரம்பித்தார். திருமேனி பின்னாலேயே ஓடினார்.

ஓடையைத் தாண்டியதும் பெரிய தடத்திலிருந்து இடதுபக்கம் ஒன்று பிரிந்தது. பாசி தேய்ந்து மண் தெரிந்தது. ஒதுக்கிவிட்ட கொடிகள் ஒதுங்கியபடியே நின்றன. பிலோமினா அதைப் பார்த்தார். அப்புறம் திருமேனியின் செருப்பைப் பார்த்தார்.

திருமேனிக்குப் புரிந்தது. அந்தத் தடத்தைப் போட்டது அவருடைய கால்.

கீழே ஓடைப்பக்கம் பேச்சுக்குரல் கேட்டது.

"சருகை அள்ளுங்க," என்றார் பிலோமினா தணிந்த குரலில்.

இருவரும் சருகை வாரி மண்ணை மூடினார்கள். ஒடிந்து கிடந்த கிளையை இழுத்துத் தடத்தின் வாயில் போட்டார்கள். கொடிகளைக் குறுக்கே விட்டார்கள். பிலோமினா வலதுபக்கம் திரும்பினார். அங்கே சரிவு முழுக்கப் பெரணிகள். குடை விரித்தவை, மான்கொம்பு போலக் கிளைத்தவை, ஈரப்பாறையில் கண்ணாடித்தாள் போல ஒட்டியிருந்தவை. பிலோமினா வருடக்கணக்காகத் தினமும் உட்கார்ந்து கவனித்த சரிவு அது. அங்கே கால் வைக்கும்போது விரல்களைக் குறுக்கி வைப்பார்.

"மிதிங்க," என்றார்.

"டீச்சர்?"

"மிதிங்க ஐயா. நேரம் இல்ல."

திருமேனி அசையவில்லை. பிலோமினா முதலில் கால் வைத்தார். தண்டுகள் முறிந்தன. கால் அழுத்தமாகப் பதிந்தது. ஒரு பெரணியைக் கையால் விலக்கி மடித்து ஒடித்தார். திருமேனி கண்ணை மூடிக்கொண்டு பின்னால் மிதித்தார். சரிவின் உச்சிவரை ஒரு தடம் விழுந்தது. இருவரும் அப்பால் இறங்கிப் பாறைக்குப் பின்னால் ஒடுங்கினார்கள்.

சாக்கோடு வந்த இரண்டு பேரும் தடம் பிரியும் இடத்துக்கு வந்து நின்றார்கள். உயரமானவன் இடதுபக்கம் கிடந்த கிளையைக் காலால் தள்ளிப் பார்த்தான். குனிந்து சருகைக் கிளறினான். திருமேனி எழப் போனார். பிலோமினா அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"இங்க வாடா," என்றான் மற்றவன். "இப்பத்தான் ஆள் போயிருக்கான். ஒடிஞ்ச தண்டுல ஈரம் இன்னும் காயல."

உயரமானவன் நிமிர்ந்தான். வலதுபக்கம் நடந்தான்.

கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. வேர்கள் அறுபடும்போது துணி கிழிவது போல இருந்தது. பிலோமினா ஒருமுறைகூடத் தலையைத் திருப்பவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் உதடு மட்டும் அசைந்தது. எந்தச் செடி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் அந்த இரண்டு பேரும் சாக்குகளோடு துறையில் வனக்காவலர்களிடம் பிடிபட்டார்கள். சாக்கில் இருந்த எதுவும் நீலப் பெரணி இல்லை என்பது அவர்களுக்கு அப்போதும் தெரியாது.

மறுநாள் காலையில் பிலோமினாவும் திருமேனியும் சாக்குகளைச் சரிவுக்குத் தூக்கிவந்து, பிழைக்கக்கூடியதைப் பிரித்தெடுத்து நடத் தொடங்கினார்கள். பாதிக்கு மேல் வாடிவிட்டிருந்தது. கண்ணாடித்தாள் போன்றவை சுருண்டு கருத்துப் போயிருந்தன. திருமேனி அவற்றில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இதெல்லாம் என்னால போச்சு," என்றார்.

"வேர் காயுது. நட்டு வைங்க."

நட்டார். பிறகு இடதுபக்கம் கிடந்த கிளையையே பார்த்தபடி கேட்டார்.

"ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடட்டுமா, டீச்சர்?"

"வேண்டாம்."

"அது நல்லா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிலோமினா கையிலிருந்த செடியைக் குழியில் இறக்கினார். சுற்றிலும் மண்ணை அழுத்தினார்.

"தெரியாது ஐயா. எனக்கும் தெரியாது."