நாலாவது மெழுகுவர்த்தி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். ஞாயிறுக்கு ஒரு மெழுகுவர்த்தி. பிலவேந்திரன் வீட்டில் மெழுகுவர்த்திக்கு ஓர் அநியாயம்.

முதலாவது: 1959. கோயிலில் மேலத்தெருவையும் கீழத்தெருவையும் பிரிக்கிற கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததற்காக, அவர் அப்பாவின் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார்கள். பூசை நிற்கவில்லை.

இரண்டாவது: 1966. கிறிஸ்துமஸ் நாடகத்தில் சூசையப்பர் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தான் பன்னிரண்டு வயதுப் பிலவேந்திரன். அவனுக்குக் கழுதையின் பின்னங்கால் வேஷம் கொடுத்தார்கள். முன்னங்கால்கூட மேலத்தெருப் பையனுக்குத்தான்.

மூன்றாவது: 1981. மாதா தேர் கீழத்தெருவுக்குள் வராது என்றார்கள். வரவேண்டும் என்று வடத்தைப் பிடித்தவர்களை அடித்தார்கள். வழக்கும் அடிபட்டவர்கள் மேலேயே. இருபத்திரண்டு நாள் சிறை.

நாலாவது, அவர் நோட்டில் எழுதியிருக்கிறபடியே: 1993 டிசம்பர். என் மனைவி இறந்தபோது, பிணம் சுமக்கும் கோயில் தூம்பாவைத் தர மறுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புதைக்கச் சொன்னார்கள்.

மற்ற வீடுகளில் இந்த நாட்களில் குடும்பமாக உட்கார்ந்து வேதம் வாசிப்பார்கள். இவர் வீட்டில் இந்தப் பட்டியல். முப்பது வருஷத்துக்கு மேலாக. ஒரு தேதி பிசகினாலும் முதலிலிருந்து தொடங்குவார்.

பள்ளிக்கூடம் அவரை ஐந்தாம் வகுப்போடு இறக்கிவிட்டது. அதற்கு மேல் படித்ததெல்லாம் துண்டறிக்கைகளில். பிறகு அவரே எழுதினார். இப்போது தேர் கீழத்தெருவுக்குள் வருகிறது. தூம்பா எல்லாருக்கும் கிடைக்கிறது. தேர் வாசலில் நிற்கும்போது கைபேசியில் படம் எடுக்கிறவர்கள் யாரும் பிலவேந்திரன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அதையும் பட்டியலில் சேர்க்கலாம்தான். ஐந்தாவது மெழுகுவர்த்தி இல்லை.

இந்த வருஷம் மூன்றாம் ஞாயிறு அவர் வாசித்து முடித்ததும் மகள் ரெஜினா எழுந்தாள்.

"அப்பா, அடுத்த வாரம் நான் வரமாட்டேன். கிறிஸ்துமஸுக்கும் வரமாட்டேன். பிள்ளையையும் அனுப்பமாட்டேன்."

"இந்தச் சண்டை இல்லேன்னா நீ இன்னைக்குக் கம்பிக்கு முன்னால போய் உட்கார முடியுமாடி?"

"முடியாது. அது எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். மறுத்துப் பேசியிருந்தால் அவருக்குப் பதில் இருந்தது.

சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வேதபாடம் நடத்துகிறவர் சலேத் டீச்சர். பிலவேந்திரனைவிட இருபது வயது இளையவர். ஆயரிடம்கூட உட்கார்ந்தபடி பேசுகிற பிலவேந்திரன், டீச்சர் வகுப்பில் மூன்று வருஷமாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கேட்டார்.

"டீச்சர், நான் வாசிக்கிறதில ஒரு பொய் உண்டா?"

"இல்லை."

"பெத்த பிள்ளை ஏன் கேக்க மாட்டேங்குது?"

டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தார்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சு வீட்டுக்கு வர்றேன். வாசிங்க, கேக்கிறேன். ரெஜினாவையும் கூட்டிட்டு வர்றேன்."

"வரமாட்டா."

"கடைசித் தடவைன்னு சொல்றேன்."

ஞாயிறு காலை டீச்சர் வந்தார். தெருவின் பத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்திலிருந்து நாலு பேரும் வந்தார்கள். ரெஜினா தனியாக வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றாள்.

வந்தவர்களில் தையல்காரர் சந்தியாகு, 1981இல் கூடவே சிறையில் கிடந்தவர். பாயில் உட்காரும்போதே கேட்டார்: "டீ இப்பவே வருமா அண்ணே, இல்ல நாலு அநியாயமும் முடிஞ்சப்புறமா?"

"உனக்கு ஜெயில்லயே டீ நெனப்புதான்."

"அங்க குடுத்தாங்கல்ல!"

சிரிப்பு அடங்கியதும் பிலவேந்திரன் நாலு மெழுகுவர்த்திகளையும் ஏற்றினார். நோட்டைப் பிரித்தார். 1959, 1966, 1981, 1993. குரல் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. சந்தியாகு கழுதைக் காலுக்குச் சிரிக்கவில்லை.

டீச்சர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இதையும் வாசிச்சிடுங்க. ஆண்டவரோட தலைமுறை வாசகம். பதினேழாம் தேதி கோயில்ல வாசிச்சாங்க. யாரும் காதுல வாங்கலை."

பிலவேந்திரன் மேடைக் குரலில் வாசித்தார். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. தாமார் பெயர் வந்தது, ராகாபு பெயர் வந்தது, ரூத்து பெயர் வந்தது. தாவீது வரைக்கும் வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"இங்க பாருங்க டீச்சர்."

"என்ன?"

"உரியாவின் மனைவின்னு போட்டிருக்கு. அவ்வளவுதான். மத்த பொம்பளைகளுக்குப் பேர் இருக்கு. இவளுக்கு இல்லை!"

"தாமதமாத்தான் கவனிக்கிறீங்க."

"தாவீது ராஜா மாடியிலிருந்து பார்த்தான். ஆசைப்பட்டான், கூப்பிட்டு அனுப்பினான். அவ புருஷனைச் சண்டையில முன்வரிசைக்கு அனுப்பிக் கொன்னான். செஞ்சவன் பேர் இருக்கு. செத்தவன் பேர் இருக்கு. எல்லாத்தையும் தாங்கினவளுக்கு ஒரு பேர் எழுத மையில்லாமப் போச்சா?" முகம் சிவந்துவிட்டது. பழைய பிலவேந்திரன் எழுந்து நின்றார். "இதை இப்படியே ஆயிரம் வருஷமா வாசிச்சிட்டிருக்காங்க. ஒருத்தன் கேக்கலை. இதுக்கு நான் நோட்டீஸ் அடிப்பேன்."

"வேதத்துக்கே நோட்டீஸா அண்ணே?" என்றார் சந்தியாகு.

"அடிப்பேன்டா."

"என்ன தலைப்புப் போடுவீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

தலைப்புக்கு அவர் என்றைக்கும் யோசித்ததில்லை.

"அவள் பெயர் எங்கே?"

"நல்ல தலைப்பு," என்றார் டீச்சர். "இப்ப உங்க நோட்டை எடுங்க. நாலாவதை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க."

பிலவேந்திரன் எடுத்தார்.

"1993 டிசம்பர். என் மனைவி இறந்தபோது..."

அதற்கு மேல் போகவில்லை. கீழே பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடியும் பழைய பக்கத்துக்கே வந்தார்.

"இங்க எல்லாருக்கும் தெரியுமே டீச்சர்."

வாசல்படியிலிருந்து ரெஜினா சொன்னாள்: "என் மகளுக்குத் தெரியாது. மூணு வருஷமா இங்க உட்கார்ந்து கேட்ட பிள்ளை, போன வாரம் என்கிட்ட வந்து அம்மாச்சி பேர் என்னம்மான்னு கேக்குது."

ரெஜினா அங்கிருந்தே நோட்டைக் கைநீட்டிக் காட்டினாள்.

"நோட்டீஸ்ல 'கீழத்தெருப் பெண்'. வழக்குல 'மேற்படி இறந்துபோனவர்'. தூம்பா வந்தாத்தான் எடுப்பேன்னு அம்மாவை ரெண்டு நாள் தெருவில வச்சிருந்தீங்க. நீங்க அச்சாபீசுல இருந்தீங்க. எனக்கு ஒன்பது வயசு. ஈ ஓட்டினது நான்."

"தூம்பா தராதவங்க அவங்க," என்றார் பிலவேந்திரன். சத்தம் பாதிதான் வந்தது.

"அவங்கதான்," என்றார் டீச்சர். "அதுல ஒரு வரியையும் அடிக்காதீங்க."

பிலவேந்திரன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கல்யாணமான நாளிலிருந்து அவளை 'இந்தா' என்று கூப்பிட்டவர். அந்தப் பெயரை அவர் கை எழுதியது ஒரே ஒரு தடவை. அது ஆஸ்பத்திரிப் படிவத்தில்.

"எங்க எழுத? அடிச்சு அடிச்சு எழுதினது. இடமில்லை டீச்சர்."

"'என் மனைவி'ன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதுக்குப் பக்கத்துல கொஞ்சம் இருக்கும். பாருங்க."

இருந்தது. அவர் எழுதினார். எழுத நேரம் பிடித்தது. மெழுகுவர்த்தி நாலும் ஒரே உயரத்தில் இல்லை. முதல் வாரத்து மெழுகுவர்த்தி அடிவரைக்கும் உருகியிருந்தது.

நோட்டை மூடப் போனார்.

"மூடாதீங்க," என்றார் டீச்சர். "நாங்க ஆறு பேர் சாட்சி இருக்கோம். வாசிங்க. வாசல் வரைக்கும் கேக்கணும்."

பிலவேந்திரன் எழுந்து நின்றார். மேடைக் குரலைத் தேடினார். வரவில்லை. இருந்த குரலில் வாசித்தார்:

"நாலாவது. 1993 டிசம்பர். செபஸ்தியம்மாள் மகள், ரெஜினாவின் தாய், என் மனைவி, குழந்தைத்திரேசு."