ராசிக்காரி ஏறும் வேன்

பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த துளசிமணியின் கை, முதலாளி சென்னியப்பன் போட்ட சத்தத்தில் நின்றது.

"டீசல் விக்கிற வெலைக்கு நாளையிலிருந்து கம்பெனி வேன் கிடையாது. எட்டு மணிக்கு மேல வந்தா கேட்டும் தெறக்காது."

ஊரிலிருந்து வரும் முதல் பஸ்ஸே எட்டரைக்குத்தான் வந்து சேரும். வேலை போய்விடுமே என்று பெண்கள் கலங்கினார்கள். துளசிமணி மட்டும் மறுபடி பிசிறு வெட்ட ஆரம்பித்தாள்.

தினமும் சாமி படத்துக்கு அவள் கற்பூரம் காட்டிய பிறகுதான் அங்கே மெஷின் ஓடும். அவளுக்கு ராசியான கை என்று முதலாளிக்கு அப்படியொரு நம்பிக்கை.

மறுநாள் அவள் பஸ்ஸில் வந்து சேர்ந்த எட்டரை வரை ஒரு மெஷினும் ஓடவில்லை. கடைசியில் முதலாளியே வந்து கேட்டைத் திறந்துவிட்டு அவளிடம் சொன்னார். "நாளைக்கு என் கார்லயே வந்துரு."

"பெரிய மனசுங்க. ஆனா நான் மட்டும் சொகுசா வந்தா, இத்தனை பேர் வயித்தெரிச்சலும் என் கையிலதானுங்க எறங்கும். அப்புறம் ராசி நிக்குமுங்களா?"

அன்று சாயங்காலமே வேன் வந்துவிட்டது. பெண்கள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவளும் முதலாளிக்கு மனசார ஒரு கும்பிடு போட்டாள்.

அவர் மெல்லக் கேட்டார். "ஏம்மா, அவங்க வயிறெரிஞ்சா நெசமாவே ராசி போயிருமா?"

"நீங்க நல்லா இருக்கோணும் மொதலாளி. உண்மையைச் சொல்லோணும்னா, அந்த ராசிங்கறது..."

"அக்கா, ஓடியாங்க, வேன் கெளம்புது."