ஏழாவது ஆள்

"கடலைச் செஞ்சுபோட்டேனுங்க டீச்சர். விலை வெக்கத்தான் தெரியல."

குழந்தைவேல் இதைச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார். கோயம்புத்தூரில் டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி செய்கிற முதலாளி. குன்னூர் வளைவுகள் ஏறி வந்த மயக்கம் இன்னும் முகத்தில் இருந்தது.

டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர். எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்ததில்லை. கேம் தொழிலில் சிக்கல் வந்தால் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். பதில் கிடைத்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் வந்தார்கள்.

"முதல்ல செருப்பைக் கழட்டுங்க," என்றார் டீச்சர். மடியில் முறம் நிறையப் பச்சைப் பட்டாணி.

குழந்தைவேல் கொண்டுவந்த புதுப் பெட்டியை டிவியில் மாட்டினார்.

கடல் வந்தது.

அலை மணலை நனைத்துவிட்டுப் போனது. நனைந்த மணல் மெல்ல மெல்ல வெளுத்தது. மேலே மேகம் நகர, கீழே தண்ணீர் நிறம் மாறியது. அடுத்த அலை பெரிதாக வந்தபோது டீச்சர் தன்னையறியாமல் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

"அப்பா," என்றார். முகஸ்துதிக்குச் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது.

குழந்தைவேல் கணக்கைச் சொன்னார். இந்தக் கடலுக்குப் பெரிய சிப் வேண்டும். பெரிய சிப் போட்டால் பெட்டியை நஷ்டத்துக்குத்தான் விற்கவேண்டும். நஷ்டத்தை எடுக்க, இணையத்தில் சேர்ந்து விளையாடுகிறவர்களிடம் மாதச் சந்தா வாங்கவேண்டும். சின்ன சிப் போதும் என்றால் பெட்டி தன் விலையில் தானே பிழைத்துக்கொள்ளும், சந்தா வேண்டாம். ஆனால் கடல் போய்விடும். இன்னொன்று. பழைய பெட்டிக்காரர்கள் இன்னும் ஓசியில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை இணைக்கிற சர்வரை அணைத்து அந்தச் செலவை மிச்சம் பிடித்தால்தான் பெரிய சிப்புக்கு முன்பணம் தேறும்.

எந்த சிப் என்று கேட்டுப் பகல் பன்னிரண்டுக்கு ஃபேக்டரியிலிருந்து போன் வரும். வீட்டை அடமானம் வைத்தாயிற்று. இந்தப் பெட்டி தோற்றால் கம்பெனி இல்லை.

டீச்சர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். மூலையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

குழந்தைவேலின் முதல் பெட்டி. சின்ன சிப் போட்டது.

"இதை எதுக்குங்க வெச்சிருக்கீங்க?" கூச்சத்தில் நெளிந்தார்.

டீச்சர் புதுப் பெட்டியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு இதை மாட்டினார். இங்கேயும் கடற்கரைதான். கடல் என்பது மூன்று வரிசை நீலச் சதுரம். ஓரமாக ஒரு சுவர். கரையில் ஆறு கலர்ச் சதுரங்கள். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள்.

"ஆறு பேருக்கு மேல இதுனால வரைய முடியாதுங்க. ஏழாவது ஆள் வந்தா 'டிங்'னு சத்தம் மட்டும் கேக்கும், உருவம் வராது. அன்னிக்கு அவ்வளவுதான் வசதி."

"உள்ள போங்க," என்று கன்ட்ரோலரைக் கையில் திணித்தார் டீச்சர்.

போனார். டிங்.

கரையிலிருந்த மஞ்சள் சதுரம் இரண்டு முறை குதித்தது. பிறகு விறுவிறுவென்று நடந்து சுவருக்குப் பின்னால் போய்விட்டது.

அது மறைந்த கணத்தில் குழந்தைவேலின் சிவப்புச் சதுரம் கரையில் தோன்றியது. மற்ற ஐந்தும் அவரைப் பார்த்து இரண்டு முறை குதித்தன.

"அது ஏன் போச்சுங்க?"

"நீங்க தெரியணும்ல."

"நான் அப்படி புரோகிராம் எழுதலையே."

"எழுதலை."

குழந்தைவேல் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுபடியும் டிங். ஒரு பச்சை குதித்துவிட்டு நடந்தது. ஓர் ஊதா தோன்றியது. யாரும் யாரையும் விரட்டவில்லை. ஆளுக்கொரு முறை போனார்கள்.

"அந்த மஞ்சள் யாருங்க டீச்சர்?"

"தெரியாது. ரொம்ப வருஷமா தெரியாது."

 குழந்தைவேல், புதுப் பெட்டியில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம், யாரும் யாருக்காகவும் நகரவே வேண்டாம் என்றார். சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

டீச்சர் பட்டாணி உரித்தார். ஒரு சொத்தையைத் தூக்கிப் போட்டார்.

"சுவருக்குப் பின்னாடி என்னங்க இருக்கு? நான் அங்க ஒண்ணுமே வரையல."

"அங்க நிக்க மாசம் எவ்வளவு வாங்கப்போறீங்க?"

போன் அடித்தது. ஃபேக்டரி மேனேஜர். டீச்சருக்கும் கேட்கும்படி அவர் கத்தினார். "சார், பெரிய சிப்புக்கு ஆர்டர் போட்டுடலாமுங்களா? பழைய சர்வரை இப்பவே அணைக்கச் சொல்லட்டுங்களா?"

குழந்தைவேல் தரையில் அணைந்து கிடந்த புதுப் பெட்டியைப் பார்த்தார். அதற்குள் அவருடைய கடல் இருந்தது.

டிங்.

கரையில் ஐந்து சதுரங்களும் அவரும். எதுவும் அசையவில்லை. இப்போது போகவேண்டிய முறை அவருடையது.

"போடாதீங்க," என்றார் போனில். "எதையும் அணைக்காதீங்க. போனை வெச்சிருங்க, ஆள் வந்திருக்காங்க."

போனை மடியில் போட்டுவிட்டு, சிவப்பை இரண்டு முறை குதிக்க வைத்தார். சுவரை நோக்கி நடத்தினார்.

சுவருக்குப் பின்னால் பச்சையும் மஞ்சளும் நின்றிருந்தன.

அவரைப் பார்த்ததும் மஞ்சள் இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றது.