இருபத்தைந்தாவது இலை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்தச் சீமை என்று கேட்காதீர்கள். விருந்து வைப்பதில் பித்துப் பிடித்த ராஜா என்று தெரிந்தால் போதும். அறுவடை என்றால் விருந்து, மழை என்றால் விருந்து, பட்டத்து யானைக்குக் காய்ச்சல் விட்டாலும் விருந்து. ஒரே வரிசையில் இருபத்தைந்து இலை, நடு இலை மன்னருக்கு. மன்னர் கை நனைத்துவிட்டால் யாரும் இலை மாறக்கூடாது, பந்தி முடியுமுன் எழவும் கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். ஆகாதவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பாயசம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் விருந்துக்கு முந்தின நாள் சபையோர் எல்லாரும் விதூஷகன் மாசிலாமணியின் வாசலில் வந்து நிற்பார்கள். தளபதிக்குச் சேனாபதியின் மைத்துனர் ஆகாது. சோதிடர் இல்லாமல் புலவருக்குச் சோறு இறங்காது. புரோகிதருக்கு ஓர இலைதான் வேண்டும். ஆளுக்கு அரை நாழிகை புலம்புவார்கள். அத்தனையும் கேட்டு, கூட்டிக் கழித்து, யார் மனமும் கோணாதபடி வரிசை போட்டுக்கொடுக்க அவன் ஒருவனால்தான் முடியும்.

அந்தச் சாமர்த்தியமே அவனுக்குக் கால்விலங்காகிவிட்டது. கல்யாணமான முப்பதாம் நாள் மனைவி பூங்காவனத்தை அவளுடைய ஊரில் விட்டுவிட்டு அரண்மனைக்கு வந்தவன், மூன்று வருடமாகத் திரும்பவில்லை. இரண்டு நாள் பயணம்தான். "பிரபு, இன்னும் தாமதித்தால் என் மனைவி என்னைப் பார்த்து யாரப்பா நீ என்று கேட்பாள்" என்பான். மன்னர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அடுத்த விருந்து முடியட்டும்" என்பார். சென்ற மாதம் உப்பு வண்டிக்காரனிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தாள்: "எனக்கு ஒண்ணும் வேணாம். ஒரு தரம் வந்து முகத்தக் காட்டிட்டுப் போகச் சொல்லு." அதைக் கேட்டதிலிருந்து அவனுக்கு எதுவும் ருசிக்கவில்லை. சபையில் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுத் தனியே வந்து அழுதான்.

மன்னர் அவன்மேல் வைத்த பிரியம் மந்திரி தாண்டவராயருக்குக் கண்ணில் தூசியாக உறுத்திக்கொண்டிருந்தது. ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, இந்த ராஜ்யத்தின் பந்தி ஒரு மனிதனின் மண்டைக்குள் இருப்பது நல்லதல்ல. நாளை அவனுக்கு நோய் வந்தால்? சபையோர் வாயால் சொல்வதை வைத்து, வாயிற்காவலன்கூட வரிசை போடும்படி ஒரு கருவி செய்துதரட்டும்."

மன்னருக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. "ஏழு நாள் தருகிறேன், மாசிலாமணி. செய்துவிட்டால் கேட்டதைத் தருவேன்."

"செய்யாவிட்டால் ஆயுசு முழுக்க ஊருக்குப் போகும் பேச்சையே எடுக்கக்கூடாது" என்று மந்திரி முடிச்சுப் போட்டார். மன்னர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அன்றிரவு அவன் படுக்கவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். நன்றாகத் தூங்கிவிட்டுக் காலையில் யோசித்தான். மூன்று வருடமாகக் கேட்ட புலம்பல் அத்தனையையும் பிழிந்து பார்த்தால் மிஞ்சுவது மூன்றே கேள்வி. யார் பக்கத்தில் வேண்டும்? யார் பக்கத்தில் வேண்டாம்? எந்த இலை வேண்டும்? இருபத்தைந்து துளையுள்ள பலகை ஒன்றும் ஆளுக்கொரு முளையும் தச்சனிடம் வாங்கினான். வேண்டும் என்றால் இரண்டு முளைக்கும் நடுவே பச்சை நூல், வேண்டாம் என்றால் கறுப்பு நூல், இலை கேட்டால் அந்தத் துளைக்கு ஒரு மஞ்சள் பொட்டு.

இதற்குள் மந்திரி வெற்றிலைத் தட்டோடு வீடு வீடாகப் போய், எல்லாரிடமும் ஏதோ காதோடு காதாகச் சொல்லிவிட்டு வந்தார். வாயிற்காவலன் வீரபாகு அதைக் கண்டு ஓடிவந்து சொன்னான். மாசிலாமணி உள்ளே போய்த் துணிமணியை மூட்டை கட்டினான்.

ஏழாம் நாள் காலை, விருந்துக்கு முன்பு, சபை நடுவே பலகை வைக்கப்பட்டது. மாசிலாமணி எல்லார் காதிலும் விழும்படி வீரபாகுவிடம் சொன்னான்: "வந்தவர் என்ன கதை சொன்னாலும் மூன்று கேள்வி மட்டும் கேள். நூலைக் கட்டு. முளைகளை ஒவ்வொன்றாகச் செருகு. யார் விருப்பத்தோடாவது முட்டினால் கடைசியாகச் செருகியதைப் பிடுங்கி அடுத்த துளையில் வை. எல்லா வழியும் பார்த்தும் முட்டினால், அதிக நூல் கட்டிய முளையை எடுத்து வெளியே வைத்துவிட்டு மறுபடி தொடங்கு."

மந்திரி தமக்கு மன்னரின் இடப்பக்க இலை கேட்டார். வைத்தியர் வலப்பக்கம் கேட்டார். பிறகு மன்னரும் மாசிலாமணியும் நீங்கலாக மற்ற இருபத்துமூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "மாசிலாமணி என் பக்கத்தில் வேண்டாம்."

வீரபாகு உச்சிப்பொழுதுவரை செருகினான், பிடுங்கினான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சாமி, எங்க வச்சாலும் இந்த ஒரு முளை இடிக்குது" என்றான்.

"தோற்றான்!" என்று மந்திரி துள்ளினார்.

"அதிக நூல் எதில்?" என்றான் மாசிலாமணி.

"இதுலதான். இருபத்துமூணு கறுப்பு நூலு." வீரபாகு அதை எடுத்து வெளியே வைத்தான். மற்ற முளைகள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. வரிசைக் கடைசியில் ஒரு துளை மட்டும் காலியாக நின்றது.

"சபையோரே, யாருக்காவது குறை உண்டா?" என்று கேட்டான் மாசிலாமணி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. "வெளியே நிற்கும் மாசிலாமணிக்குக் குறை உண்டா என்று அவனையும் கேட்டுவிட்டேன். இல்லையாம்."

மன்னர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அடப்பாவி! நீ என் அருகில் வேண்டும் என்பது என் விருப்பம். அதை யாரும் கேட்கவில்லையே!"

"நீங்கள் சொல்லவில்லையே, பிரபு. சொல்லாததைப் பலகை எப்படி அறியும்?" அவன் பலகையை விட்டு மன்னர் எதிரே வந்து நின்றான். "நானும் அதே தப்பைத்தான் செய்தேன். மூன்று வருடமாக வேடிக்கையாகவே சொன்னேன், நீங்களும் சிரித்தீர்கள். இப்போது நேராகச் சொல்கிறேன். எனக்கு என் மனைவியைப் பார்க்க வேண்டும். அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை."

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டதைத் தருவேன் என்றேன். எத்தனை நாள் வேண்டுமோ இருந்துவிட்டு வா. விருந்து சாப்பிட்டுவிட்டாவது போயேன்."

"எனக்குத்தான் இங்கே இலை இல்லையே, பிரபு. இலை போட்டுக் காத்திருப்பவள் அங்கே இருக்கிறாள்."

மன்னர் அரண்மனை அதிரச் சிரித்தார். தன் சொந்தக் குதிரையைக் கொண்டுவரச் சொல்லி, கடிவாளத்தைத் தாமே அவன் கையில் கொடுத்தார். உள்ளே பந்திக்கு மணி அடித்தது. பசித்த வயிற்றோடு மாசிலாமணி குதிரையில் ஏறி, பூங்காவனத்தின் ஊர்ச் சாலையில் திருப்பினான்.